ஆளை முழுங்கற டேட்டாபேஸ்

போனா? போன் பாக்கற ஆளு நான் இல்லைங்க. ஹேங் ஆகுதுன்னா கடையில குடுங்க, காந்திபுரத்துல சந்துக்குச் சந்து உக்காந்திருக்கான். கம்ப்யூட்டர் வேலைன்னு வாயைத் திறந்தாப் போதும், ஜனங்க உடனே போனை நீட்டிர்றாங்க. கல்யாண வீட்டுக்குப் போனாலும், ரயில்ல ஏறினாலும் இதே ரோதனைதான். ஹார்ட் டாக்டர்கிட்டப் போயி பல்லைக் காட்டுவீங்களா? கோவிச்சுக்காதீங்க, உங்களைச் சொல்லலை. பொதுவாச் சொல்றேன்.

நான் டேட்டாபேஸ் ஆளுங்க. பேரு தெய்வசிகாமணி. கோயம்புத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரி, பேரு வேண்டாம், கிளையெல்லாம் சேத்தி ஆறு எடத்துல இருக்குது. அங்க வர்ற ஒவ்வொருத்தரோட பேரு, ஊரு, வியாதி, ரத்தம், டெஸ்ட் ரிசல்ட்டு, போன் நம்பரு எல்லாம் ஒரு எடத்துல இருக்குமில்லைங்க, அது என் பொறுப்பு. நீங்க மோட்டார் ஸ்பேர் வியாபாரம்னீங்க. எத்தனை வாஷர், எத்தனை பேரிங்னு கடைக் கம்ப்யூட்டர்ல போட்டு வச்சிருப்பீங்க. அதுவும் டேட்டாபேஸ்தான். கோவணமும் துணிதான். நான் சொல்றது வேற. அது ஒரு நிமிசம் நின்னா ஆறு ஆஸ்பத்திரியும் நின்னுரும்.

எங்ககிட்ட இருந்தது ஆரக்கிள், லைசென்ஸுக்குப் பணம் கட்டி வாங்கற டேட்டாபேஸ். இருபது வருசமா அதைக் கட்டி மேய்ச்சவன் நான். அதுக்குத் தனி ரூமு, தனி ஏசி, வெளிய செருப்பைக் கழட்டிப்போட்டுத்தான் உள்ள வரணும். சேர்மன் டாக்டர் குப்புராஜே ஷூவைக் கழட்டிட்டுத்தான் வருவாரு. அதுக்குள்ள ஓடற ரூல் பூராவும் நான் எழுதினது. ஒவ்வொண்ணுலயும் முதல் வரி என்னன்னா, ‘ஆக்கம்: ஆர். தெய்வசிகாமணி’. மெஷின் அந்த வரியைப் படிக்காதுங்க, தாண்டிப் போயிரும். அது மனுசங்க படிக்கறதுக்கு. நாளைக்கு எவனாவது வந்து நான் எழுதினேன்னு சொல்லிறக் கூடாதில்ல?

இப்படி இருக்கையில போன வருசம் நஸ்ரீன்னு ஒரு பொண்ணைச் சேத்துனாங்க. பெங்களூர்ல வேலை பாத்துட்டு, அப்பாவுக்கு முடியலைன்னு உக்கடத்துக்குத் திரும்பி வந்த பொண்ணு. முப்பது வயசு இருக்கும். வந்த மாசமே சேர்மன்கிட்டப் போயி, லைசென்ஸுக்கு இவ்வளவு பணம் எதுக்கு சார், போஸ்ட்கிரஸ்னு ஒரு டேட்டாபேஸ்ல இதே வேலை நடக்கும், அது இலவசம்னு சொல்லிப்போடுச்சு. இலவசம்ங்க. கேட்டீங்களா. மிக்சி, கிரைண்டர் மாதிரி.

சேர்மனுக்கு ஆசை வந்துருச்சு. பணம் இருக்கறவங்களுக்குத்தான் இலவசம்னா நாக்கு ஊறும். சரி, நாலஞ்சு டேட்டாபேஸை ஒப்பிட்டுப் பாத்து முடிவு பண்ணலாம்னுட்டாரு. ஒப்பிடறது நானும் அந்தப் பொண்ணும். எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க, இது டேட்டாபேஸுக்கு வச்ச பரீட்சை இல்லை, எனக்கு வச்ச பரீட்சைன்னு. ஆரக்கிள் போச்சுன்னா அந்த ரூமுல எனக்கு என்ன வேலை? அம்பத்தஞ்சு வயசுல எவன் கூப்புட்டு நாற்காலி போடுவான்? ஊட்டுல உக்காந்து பொண்டாட்டி கூட சீரியல் பாக்க வேண்டியதுதான்.

மத்ததையெல்லாம் நானே ஒரு வாரத்துல கழிச்சுக் கட்டிட்டேன். எஸ்க்யூஎல் சர்வர்னு ஒண்ணு. தொட்டதுக்கெல்லாம் பட்டன். மௌசைப் புடிச்சு உருட்டறவனெல்லாம் அதுல டேட்டாபேஸ் ஆளுன்னு சொல்லிக்கறான். வேண்டாம்னேன். டிபி2 நல்ல சரக்குதான், இல்லைங்கலை. ஆனா அது தெரிஞ்ச ஆளு கோயம்புத்தூர்ல ரெண்டே பேரு, அதுல ஒருத்தரு ரிட்டையர் ஆகி பழனியில இருக்காரு. மை எஸ்க்யூஎல் வெப்சைட்டுக்காரங்க சமாச்சாரம், அதைப் பத்திப் பேசவே நான் உக்காரலை. இது அத்தனைக்கும் அந்தப் பொண்ணு தலையாட்டிட்டே இருந்துச்சு. ஒரு சண்டை இல்லை, ஒரு வாதம் இல்லை. சரிங்க சார், சரிங்க சார். எனக்கு அதுதான் எரிச்சல். வாதாடத் தெரியாதவங்களுக்கு இந்தத் தொழில்ல என்ன வேலைங்க?

கடைசியில ஆரக்கிளும் போஸ்ட்கிரஸும் நின்னுது. பக்கத்துல பக்கத்துல ரெண்டு மெஷின். ஒரே சரக்கை ரெண்டுலயும் ஊத்தணும், ஒரே வேலையைக் குடுக்கணும், எது ஒழுங்கா செய்யுதுன்னு பாக்கணும். என்ன வேலை குடுக்கறதுன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. நான்தான் சொன்னேன், என்னோட சேப்பு ரூலைக் குடுங்கன்னு. நானே சொன்னேன். ஏன்னா அதுதான் இருக்கறதுலயே கஷ்டமான ரூலு.

சேப்புன்னா செவப்பு இல்லைங்க, சேக்கற ரூலு. என்னன்னு சொல்றேன், சுளுவா. ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க கார்டைத் தொலைச்சுப்போட்டு வருவாங்க. கவுண்டர்ல மறுபடியும் புதுசாப் பதிவாங்க. ஒரே ஆளு ரெண்டு ஆளா, மூணு ஆளா ஆகிருவாரு. அதுக்கு நான் ஒரு ரூல் எழுதினேன். பேரு ஒண்ணு, இனிஷியல் ஒண்ணு, பொறந்த தேதி ஒண்ணுன்னா ஆளும் ஒண்ணு. சேத்து ஒரே பைல் ஆக்கிரு. போன் நம்பர் மட்டும் கடைசியா எது குடுத்தாங்களோ அதை வச்சுக்கோ. ஒரே ராத்திரியில பைல் பாதியாக் குறைஞ்சுது. அன்னைக்கு சேர்மன் எல்லாத்து முன்னாடியும் என் தோளைத் தட்டினாரு.

ரெண்டு மெஷின்லயும் ஆரம்பத்துல இருந்து கவுண்டர்ல பதிஞ்ச அத்தனை பதிவையும் அப்படியே ஊத்தி, ரூலை ஓட்டினோம். ஓட்டி முடிச்சு ஆளை எண்ணிப் பாத்தா, கெரகம், ரெண்டுலயும் கணக்கு வேற வேறங்க. என்னோடதுல ஆளு ஜாஸ்தி. அவளோடதுல நூத்துக்கணக்குல குறையுது. எனக்கு எப்படி இருந்துச்சுன்னு நினைக்கறீங்க? வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. நேரா மீட்டிங்குக்குப் போனேன். அந்தப் பொண்ணு காரணம் என்னன்னு பாக்க ரெண்டு நாள் குடுங்க சார்னு கெஞ்சுச்சு. நான் கேக்கலை. சேர்மன் முன்னாடியே சொன்னேன்.

“இது ஆஸ்பத்திரிங்க டாக்டர். ஆளை முழுங்கற டேட்டாபேஸ் நமக்கு வேணுமா?”

எப்படி இருக்கு? சேர்மன் கண்ணாடியைக் கழட்டி மேஜையில வச்சுட்டாரு. அந்தப் பொண்ணு மொகத்தைப் பாக்கணுமே நீங்க. ஆனாலும் அவரு பெரிய மனுசன், சரி ரெண்டு நாள் பாரும்மான்னுட்டாரு. டீ சொல்லட்டுங்களா? வேண்டாம்னா வேண்டாம், இந்த ரயில் டீ வெந்நிதான்.

ரெண்டாவது நாள் சாயங்காலம் அந்தப் பொண்ணு என் மேஜைக்கு வந்துச்சு. சேர்மன்கிட்டப் போகலை, மொதல்ல எங்கிட்ட வந்துச்சு. பயம் இருக்குமில்ல. காரணம் கெடைச்சுருச்சு சார்னு சொல்லுச்சு. காரணம் என்னன்னா, கவுண்டர்ல வயசான பொம்பளைங்க வந்தா இனிஷியல் கேப்பாங்க. அப்பன் இனிஷியலா, புருசன் இனிஷியலான்னு அதுகளுக்கே கொழப்பம். என்னமோ போடு கண்ணுன்னு சொல்லிரும். கவுண்டர் பொண்ணு ஒண்ணும் போடாம விட்டுரும். அந்தக் கட்டம் காலி. இந்தக் காலிக் கட்டத்தை ஆரக்கிள் ‘தெரியாது’ன்னு எடுத்துக்கும். போஸ்ட்கிரஸ் ‘காலி’ன்னு எடுத்துக்கும். மூடின கைக்கும் வெறுங்கைக்கும் உள்ள வித்தியாசம். மூடின கை ரெண்டைக் காட்டினா உள்ள இருக்கறது ஒண்ணுதான்னு யாரும் சொல்ல முடியாது. அதனால ஆரக்கிள் சேக்கலை. வெறுங்கை ரெண்டை விரிச்சுக் காட்டினா ரெண்டும் ஒண்ணுதானே? போஸ்ட்கிரஸ் சேத்துப்போடுச்சு. இனிஷியல் இல்லாத பொன்னாத்தா அஞ்சு பேரும் ஒரே பொன்னாத்தா ஆகிட்டாங்க.

தேதி எப்படி ஒத்துப்போச்சுன்னு கேப்பீங்க. நல்ல கேள்விங்க. அந்தக் காலத்து ஆளுகளுக்குப் பொறந்த தேதி எங்க தெரியும்? கவுண்டர்ல வயசைக் கேட்டு, வருசத்தைக் கழிச்சு, ஜூன் ஒண்ணுன்னு போட்டுருவாங்க. பள்ளிக்கூடத்துல வாத்தியாரு போட்டுவிட்ட அதே வழக்கம்தான். கோயம்புத்தூர் ஜில்லாவுல பாதிச் சனம் ஜூன் ஒண்ணுதான் பொறந்திருக்குது. நானும் ஜூன் ஒண்ணுதான். நீங்க? பாத்தீங்களா, சிரிக்கறீங்க.

சரி, இதைக் கேட்டதும் நான் என்ன சொல்லியிருப்பேன்? பாத்தியா கண்ணு, என் ஆரக்கிள் ஆளைக் காப்பாத்துச்சு, உன் இலவசம் முழுங்கிருச்சுன்னு சொன்னேன். அதுக்கு அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு தெரியுங்களா? சத்தம் போடலை, பக்கத்து மேஜைக்குக் கூட கேக்காத மாதிரி சொல்லுச்சு.

“சார், ரெண்டும் சொன்னதைத்தான் செஞ்சிருக்குது. சொன்னதுதான் சார் தப்பு.”

திமிரு. இருபது வருசமா ஓடற ரூலு. அது தப்பாம். தப்பு என்ன இருக்குதுங்க அதுல? ரூல் எழுதறப்ப ஆஸ்பத்திரி ஒண்ணு, டவுனுக்குள்ள. ஒரே பேரு, ஒரே இனிஷியல், ஒரே தேதின்னா ஒரே ஆளுதான். பொறவு இவிங்க அன்னூர்ல ஒண்ணு, சூலூர்ல ஒண்ணுன்னு கிளை தொறந்துட்டே போவாங்க, கவுண்டர்ல ஜூன் ஒண்ணு ஜூன் ஒண்ணுன்னு அடிச்சுத் தள்ளுவாங்க, அதுக்கு நான் பொறுப்பா? சொன்னதைச் சொன்னபடி செய்யறது வேலைக்காரன் புத்தி. சொல்லாததையும் குறிப்பறிஞ்சு காப்பாத்தறதுதான் ஒசத்தி. ஆரக்கிள் காப்பாத்துச்சு. இதை நான் இன்னைக்கும் சொல்லுவேன்.

அதோட விட்டிருக்கணும். அந்தப் பொண்ணு விடலை. இனிஷியல் காலியா இருந்தவங்க தப்பிச்சாங்க, இனிஷியல் இருந்தவங்க கதி என்னன்னு தோண்ட ஆரம்பிச்சுருச்சு. டெஸ்ட் மெஷின்ல இல்லைங்க, நெசமா ஓடிட்டு இருக்கற பைல்ல. இது ஒப்பிடற வேலையா? நமக்குக் குடுத்தது எது ஒசத்தின்னு பாக்கற வேலை. அதை விட்டுப்போட்டு, கவுண்டர் பதிவுல ஊரும் போனும் வேற வேறயா இருக்குது, ஆனா பைல் ஒண்ணா இருக்குதுன்னு ஒவ்வொண்ணாப் பாத்துட்டு உக்காந்திருக்குது.

அதுல கெடைச்சதுதான் கே. பொன்னாத்தா. அன்னூர்ல ஒரு கே. பொன்னாத்தா, சூலூர்ல ஒரு கே. பொன்னாத்தா. ரெண்டு பேருக்கும் ஒரே வயசு, அதனால ஒரே ஜூன் ஒண்ணு. ரெண்டு பேரும் ஒரே பைல்ல ஒண்ணா இருந்திருக்காங்க. அன்னூர் அம்மாவுக்கு மார்ல கட்டின்னு படம் எடுத்திருக்காங்க. சந்தேகமா இருக்குது, உடனே வரணும்னு ஆஸ்பத்திரியில இருந்து மெசேஜ் போயிருக்குது. போனது சூலூர் அம்மாவோட மகன் போனுக்கு, ஏன்னா கடைசியாக் குடுத்த நம்பர் அது. லேத்துப் பட்டறையில வேலை செய்யற பையன். அம்மாவுக்குக் கண்ணுதானே பாத்தோம், இவிங்க காசு புடுங்கக் கூப்பிடறாங்கன்னு அழிச்சுட்டான். அன்னூர் அம்மா என்ன நினைச்சிருக்கு, ஏதாச்சும் இருந்தாக் கூப்பிடுவோம்னு சொன்னாங்க, கூப்பிடலை, அப்ப ஒண்ணும் இல்லைன்னு சாமிக்கு வேண்டுதலை முடிச்சுட்டு ஊட்டுல இருந்துருச்சு. எட்டு மாசம்.

நான் கேக்கறேன், கூப்பிட்டாத்தான் வரணுமா? ரிசல்ட் என்னாச்சுன்னு ஒரு எட்டு வந்து கேக்கக் கூடாதா? உங்க கடையில மோட்டார் ரிப்பேருக்குக் குடுத்தவன் எட்டு மாசம் சும்மா இருப்பானா? உசுரு, அதுல மட்டும் சனங்களுக்கு அசால்ட்டு.

அந்தப் பொண்ணு பழைய கவுண்டர் பதிவுல இருந்து அன்னூர் நம்பரைத் தேடி எடுத்து, அங்கேயே உக்காந்து போன் பண்ணுச்சு. செருப்பைக் கழட்டிட்டு வர்ற ரூம்ல உக்காந்து போனு. அந்தப் பக்கம் அந்தம்மாவுக்குப் புரியலைபோல. எனக்கா, நான்தானா, வேற யாருக்காச்சும் போட்டீங்களான்னு திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கும். இந்தப் பொண்ணு சொல்லிட்டே இருந்துச்சு.

“ஆமாங்கம்மா, உங்களுக்குத்தான். உங்களையேதான் கூப்பிடறேன். நாளைக்குக் காலையில வந்துருங்க.”

போனை வச்சுப்போட்டு அடுத்த பதிவைத் திறந்துச்சு. என் பக்கம் திரும்பலை. அந்த அம்மா மறுநாள் வந்துச்சு, ஆபரேசன் ஆச்சு. இப்பவும் வாரம் தவறாம வந்து மருந்து ஏத்திக்கிட்டுப் போகுது, தலையில துண்டு கட்டிட்டு. ஒரு நாள் லிப்ட்டுல பாத்தேன். பக்கத்துலதான் நின்னுது. நான் எங்க மாடி வர்றதுக்கு முன்னாடியே எறங்கி, படியேறிப் போயிட்டேன். நடக்கறது ஒடம்புக்கு நல்லதுங்க.

அப்புறம் கடைசி மீட்டிங். அந்தப் பொண்ணு ரிப்போர்ட் போட்டு எல்லாருக்கும் ஒரு கட்டுக் குடுத்துச்சு. அதுல என்னோட ரூல் எல்லாம் பிரிண்ட் எடுத்து வச்சிருந்துச்சு, புதுசுல எப்படி மாத்தி எழுதணும்னு காட்டறதுக்கு. புரட்டிப் பாத்தேன். ஒவ்வொரு பக்கத்துலயும் உச்சியில பளிச்சுன்னு ‘ஆக்கம்: ஆர். தெய்வசிகாமணி’. மருந்து ரூல், ஆக்கம் தெய்வசிகாமணி. ரத்த ரூல், ஆக்கம் தெய்வசிகாமணி. அடுத்தது சேப்பு ரூல். சேர்மன் எந்தப் பக்கத்துல இருக்காருன்னு ஓரக்கண்ணால பாத்துக்கிட்டேன்.

திருப்பினா, அந்தப் பக்கத்துல முதல் வரி இல்லைங்க. நேரா ரெண்டாவது வரியில இருந்து ஆரம்பிக்குது.

பிரிண்ட் எடுக்கத் தெரியலைங்க அதுக்கு. அவ்வளவுதான். பெங்களூர்ல பெரிய கம்பெனியில குப்பை கொட்டுனேன்னு பீத்திக்கறது, ஒரு பக்கத்தை முழுசாப் பிரிண்ட் எடுக்கத் தெரியலை. மத்த எல்லாப் பக்கமும் சரியா வந்திருக்குது, இது ஒண்ணுல மட்டும் தலையைக் கோட்டை விட்டிருக்குது. இந்த மாதிரி அரைவேக்காட்டை நம்பித்தான் ஆறு ஆஸ்பத்திரியும்.

சேர்மன் அந்தப் பக்கத்தையே பாத்துட்டு இருந்தாரு. பொன்னாத்தா விசயம் அவருக்குத் தெரியும். நிமிந்து, “இதை எழுதினது யாரு?”ன்னாரு. தோளைத் தட்டினது இருபது வருசம் முன்னாடி, அவருக்கு எங்க ஞாபகம் இருக்கும்? அந்தப் பொண்ணைக் கேட்டாரு. அது, ரொம்பப் பழைய ரூல் சார், யாரு எழுதினதுன்னு பேரு இல்லைன்னு சொல்லுச்சு. அப்புறம் எங்கிட்டத் திரும்பினாரு. தெய்வசிகாமணி, உங்களுக்குத் தெரியுமான்னாரு. நான் என்ன சொல்றது? எனக்கு முன்னாடி இருந்த ஆளுக யாராச்சும் எழுதியிருக்கலாம் டாக்டர்னேன். பேரு இல்லைங்கறப்ப நான் எதுக்கு வாயைக் குடுக்கணும்? அந்தப் பொண்ணு அப்ப என்னை ஒரு தடவை பாத்துச்சு. பேப்பரை அடுத்த பக்கம் திருப்பிருச்சு. அது நான் எழுதினதுன்னு அதுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாதுங்க. அவ்வளவு வெவரம்.

போஸ்ட்கிரஸுன்னு முடிவாச்சு. அதான் உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, இலவசத்தை எவன் விட்டான். இனிமே சேப்பு ரூல் தானா ஓடாதாம். ரெண்டு பைல் ஒண்ணுமாதிரி தெரிஞ்சா, ஒரு மனுசன் போன் பண்ணி, ஊரு பேரு கேட்டு, நீங்க ரெண்டு பேரா ஒருத்தரான்னு விசாரிச்சுட்டுத்தான் சேக்கணுமாம். அப்புறம் கம்ப்யூட்டர் எதுக்குங்க? நாலு பேரைச் சம்பளத்துக்கு வச்சு போன் பண்ணச் சொல்லலாமே.

என்னை மட்டும் விட முடியலை அவிங்களால. பழசு தெரிஞ்ச ஆளு தெய்வசிகாமணி சார்தான், அவரு இல்லாம மாத்த முடியாதுன்னு மீட்டிங்ல பேச்சு வந்துச்சு. யாரு சொன்னாங்கங்கறீங்களா? அந்தப் பொண்ணுதான் சொல்லுச்சு. சொல்லித்தானே ஆகணும், அதுக்கு ஒண்ணும் தெரியாதில்ல. இப்ப மெட்ராஸுக்கு எதுக்குப் போறேங்கறீங்க? அந்த போஸ்ட்கிரஸுக்கு அஞ்சு நாள் வகுப்பு. அம்பத்தஞ்சு வயசுல பெஞ்சுல உக்காரப் போறேன். பேரு குடுத்தது, டிக்கெட் போட்டது எல்லாம் அதுதான். ஜன்னல் சீட்டாப் பாத்துப் போட்டிருக்கேன் சார்னுச்சு. வெயில் அடிக்கற பக்கமாப் பாத்துப் போட்டிருக்குது, பாருங்க.

பேக்கைக் கொஞ்சம் நகத்திக்கறேன், உங்க காலுக்கு எடம் வேணும். போன மாசத்துல இருந்து புதுசுல ரூல் எழுதறதும் நான்தான். அந்தப் பொண்ணு பாத்துச் சரி சொல்லும், அப்புறம் ஓட்டுவோம். ஒண்ணுல மட்டும் என் பழக்கம் மாறிப்போச்சு. முதல் வரி எழுதறதில்லைங்க இப்பெல்லாம். நேரா ரூலையே ஆரம்பிச்சுர்றேன். அந்தப் பொண்ணு கூட ஒரு நாள் கேட்டுச்சு, பேரு போடுங்க சார், உங்க வழக்கமாச்சேன்னு. எதுக்கும்மான்னுட்டேன். எதுக்குங்க? அதுக்குத்தான் ஒழுங்காப் பிரிண்ட் எடுக்கத் தெரியாதே.